ஆறு வலது கைப் பக்கம்

ஓய்வு பெற்றவர் என்றால் பென்ஷன், மூட்டுவலி, பேரப்பிள்ளை என்று ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். எனக்கு மூன்றும் இல்லை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், இன்னும் பால் மறக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்த வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. குழந்தை பிறக்கப் போகிறது என்று சொன்ன வாரமே கேப்டன் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, இனிமேல் இவங்க வாழ்க்கையே ஒரு ட்ரெக்கிங்தான் என்று என்னைக் காட்டிப் பேசினார். கைதட்டினார்கள். ஒரு மரக்கன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். அதோடு சரி.

இதையெல்லாம் எழுதுவது சரிதானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. சோறு போட்ட இடத்தைக் குறை சொல்வதா என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும். போன வாரம் பவித்ரா அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பவித்ரா நான் விட்ட வேலையில் இப்போது இருக்கும் பெண். இனிமேல் ஆற்று நடைக்கு லீடர் தேவையில்லை, போனில் ஒரு ஆப் வந்துவிட்டது, வாடிக்கையாளர் வழியைவிட்டு விலகினால் அதுவே மூன்று தடவை பீப் அடித்துத் திரும்பி வரச் சொல்லும் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இப்படி:

"அக்கா, நீங்க இருந்தப்போ ஒருத்தர் ஆத்துல மாட்டிக்கினாராமே, கேப்டன் மூணு விசில் அடிச்சி அவர் உயிரக் காப்பாத்தினாராமே. அத வச்சித்தான் மூணு பீப் வச்சிருக்காங்களாம். அது எப்படிக்கா நடந்துச்சி?"

படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பவித்ரா, அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக. ஜவ்வாது மலையில் ரோடு முடிகிற ஒரு சிற்றூரிலிருந்து ஆற்றங்கரையோடு மேலே மேலே நடந்தால், வீடு, கம்பம், செல்போன் சிக்னல் எதுவும் இல்லாத ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு வரும். மருத மரங்களும் மூங்கிலும் அடைத்த இடம். அங்கே மணல் திட்டில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அதே கரையோடு இறங்கி வர வேண்டும். இதற்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் லீடர் வேலை. எம்.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் பேசினார். ஆற்றோரம் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு வருவதற்குச் சம்பளமா, அப்படியானால் நம்ம ஊர் எருமைக்கெல்லாம் மாசம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் விதைக் கடை. அவர் பார்ப்பது மட்டும்தான் அந்த வீட்டில் வேலை.

பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றில் தள்ளி நீச்சல் பார்த்தார்கள். கயிற்றில் முடிச்சு போடச் சொன்னார்கள். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினேன், பொம்மைக்கு மூக்கு கழன்று வந்துவிட்டது. பாஸ் என்றார்கள்.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவமோ கப்பலோ என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரியில் கபடி அணிக்குக் கேப்டனாக இருந்தாராம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு காபிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். அவர் ஏறி வந்தால் முதலில் பூட்ஸ் சத்தம் வரும், பிறகு கறுப்புக் காபியின் வாசனை வரும், கடைசியில்தான் அவர் வருவார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "டீம்" என்பார். நான் ஒருத்தி மட்டும் அறையில் இருந்தாலும் டீம்தான். எதைச் சொன்னாலும் "ப்ரோட்டோகால்" என்று முடிப்பார். டீயில் சர்க்கரை கம்மி என்றால்கூட அது ப்ரோட்டோகால். கழுத்தில் ஆரஞ்சுக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். சாம்பாரில் ஒருமுறை விழுந்தது, துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வந்த வாடிக்கையாளர்களைச் சொன்னால் பக்கம் போதாது. மௌனத்தைத் தேடி வந்திருக்கிறேன் என்று ஒரு வெளிநாட்டு அம்மாள் ஒரு பகல் முழுக்க என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். சாயங்காலம் தவளைச் சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனிக் கூட்டம் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து மருத மரத்தடியில் ஆடியது. கரடி வருமா என்று பயந்து பயந்து கேட்டார்கள். அந்தச் சத்தத்துக்குக் கரடி ஆந்திரா பார்டரைத் தாண்டியிருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, வராது சார் என்று மட்டும் சொன்னேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். நல்ல பதில் மனசுக்குள் வரும், மரியாதையான பதில் வாயில் வரும்.

ஆனால் நடைமுறைகள் சில உண்டு. அவற்றை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். கூடாரத்தை ஈர மணலில் போடக் கூடாது. போன வெள்ளம் மரத்தில் விட்டுப் போன சருகு எந்த உயரத்தில் தொங்குகிறதோ அதற்கும் மேலே போட வேண்டும். தண்ணீர் ஓரத்தில் கையகலக் கல் ஒன்றை வைத்துவிட்டு அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். கல் நனைந்தால் மேலே எங்கோ மழை. தண்ணீரில் நுரையும் பச்சை இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, ஆட்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். கயிறு இல்லாமல் யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாது. ஒரு நீள விசில் என்றால் இருக்கிற இடத்திலேயே நில். மூன்று சின்ன விசில் என்றால் உடனே என்னிடம் வா. குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, எல்லா லீடர் கழுத்திலும் விசில் இருந்தாலும் கேப்டன் இருக்கும்போது அவர் விசில் மட்டும்தான் ஊதும்.

கடைசியாக, நம்பர். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். கிளம்பும்போதும் நிற்கும்போதும் கேப்டன் கையைத் தூக்கினால், முன்னாலிருந்து பின்னால் வரை அவரவர் நம்பரைக் குரல் கொடுக்க வேண்டும். கடைசி நம்பர் காதில் விழுந்தால் கூட்டம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். முகத்தைப் பார்த்து எண்ணலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். அது ஆடு எண்ணுகிற முறை டீம் என்றார்.

இனி பவித்ரா கேட்ட கதை.

அந்தக் கூட்டம் முழுக்க நம் ஊர்க்காரர்கள். பௌர்ணமி தவறாமல் சேர்ந்து கிரிவலம் போகிறவர்கள், ஒன்பது பேர். மலையைச் சுற்றிச் சுற்றிக் கால் பழகிவிட்டது, காட்டையும் ஒரு கை பார்ப்போம் என்று வந்தார்கள். ஒன்பதாம் நம்பர் தணிகாசலம் அய்யா. கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாம் நம்பர் அவர் மனைவி வசந்தா அம்மா. ஷூ கட்டாயம் என்று கேப்டன் சொன்னதால் அய்யா புது ஷூ வாங்கியிருந்தார். வாங்கி, லேஸை முடிச்சு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். கட்டாயம்னு சொன்னாங்க, கொண்டாந்துட்டேன், கால்லதான் போடணும்னு யார் சொன்னாங்க என்றார்.

வேறு எல்லா விதிகளையும் அவர் மதித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசில் சங்கதியைக் கேப்டன் விளக்கியபோது அவர் மட்டும்தான் இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்று கேட்டுக்கொண்டார். நடக்கும்போது என்னிடம் காரணம் சொன்னார். கம்பத்தில் ஏறுகிறவனுக்குக் கீழே நிற்கிறவன் சொல்லும் சொல்தான் உயிர். லைன் கட் ஆயிடுச்சி என்று கீழேயிருந்து சொன்னால் ஏறிக் கம்பியைத் தொட வேண்டியதுதான், யோசித்துக்கொண்டு நின்றால் வேலை நடக்காது. அப்படியே காலம் தள்ளியாச்சும்மா, சிக்னலைச் சந்தேகப்பட்டதே கிடையாது என்றார்.

மேலே ஏறும்போது ஆறு எங்களுக்கு வலது கைப் பக்கம் இருந்தது. மத்தியானம் அய்யா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, நாளைக்கி இதே கரையில எறங்கினா ஆறு இடது கைக்கி வந்துடுமே?"

ஆமாம் அய்யா, வரும்தான் என்றேன். அவர் முகம் சரியில்லை. நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவோம், மாற்றிச் சுற்றுகிறவனை ஊரே திரும்பிப் பார்க்கும். ஆறும் சாமிதானே, சாமியை இடது கையில் விட்டுவிட்டு எப்படி வருவது என்பது அவர் கவலை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே கேப்டனிடம் போய்ச் சொன்னேன். இவர் அந்தப் பக்கக் கரைக்குப் போக நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். அவர் போனில் சூரியன் மறைவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு ஏது டீம் வலது இடது, அது என்ன பஸ்ஸா என்றார். தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போய் இன்னொரு முறையும் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றும். அவரிடம் அழுத்திச் சொல்லி எதுவும் ஏறியதில்லை என்பதும் தோன்றும்.

மறுநாள் காலை தண்ணீர் ஓரத்துக் கல் நனைந்திருந்தது. மேலே மழை. கேப்டனிடம் சொன்னேன். சீக்கிரம் கிளம்பலாம் என்றார், அதுவரை சரி. ஆனால் அன்றைக்கு என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டுத் தான் பின்னால் வருவதாகச் சொன்னார். விளம்பரத்துக்கு வீடியோ வேண்டுமாம், கூட்டம் நடந்து போவதைப் பின்னாலிருந்து எடுத்தால்தான் காடு நன்றாக விழுமாம். கையைத் தூக்கினார். நம்பர் ஓடியது. ஒன்பது என்று கடைசியில் கேட்டதும் கட்டை விரலைக் காட்டினார். கிளம்பினோம்.

பாதி வழியில் ஒரு பாறை மேட்டில் நிறுத்தினோம். மறுபடி நம்பர், மறுபடி ஒன்பது. நான் சுண்டல் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே போனேன். வசந்தா அம்மா இரண்டு பொட்டலத்துக்குக் கை நீட்டினார். அய்யா எங்கேம்மா என்றேன். பின்னால வராரு என்றார். பின்னால் கேப்டன்தான் நின்றார், போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு, ஒன்பது இரண்டும் ஒரே குரலில் வந்திருக்கிறது. முன்னால் நின்ற எனக்கு ஆற்றுச் சத்தத்தில் அது தெரியவில்லை. கேப்டனுக்கு மூன்றடி தள்ளி நின்று ஒரு பெண் பிள்ளை தன் நம்பரையும் புருஷன் நம்பரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் காதில் விழுந்தது எண் மட்டும்தான். எண் சரியாக இருந்தது.

கேப்டனைச் சும்மா சொல்லக் கூடாது, உடனே ப்ரோட்டோகாலில் இறங்கினார். கடைசியாகப் பார்த்த இடம் எது, யார் பார்த்தது, இரண்டிரண்டு பேராக இதே கரையில் மேலே போய் ஒவ்வொரு மடுவாகப் பார்க்க வேண்டும் என்று ஆட்களைப் பிரித்தார். மடு என்றதும் கூட்டத்தில் ஒருவர் அழ ஆரம்பித்தார். எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். வசந்தா அம்மா மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. மடியில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு எதிர்க்கரை மூங்கில் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அய்யா அந்தாண்டதான வராரு என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு சொன்னார்:

"வலம் மாறக் கூடாதுன்னு ஒரே புடிவாதம்மா. நீங்கள்லாம் கூடாரம் மடிக்கும்போது தண்ணி கம்மியாத்தான் இருந்துச்சி, கல்லுமேல கால் வச்சி தாண்டிட்டாரு. ஒங்க சாரு திட்டுவாரு, நீ எனக்கும் சேத்து கொரல் குடுத்துடு, கீழ ரோட்டாண்ட வந்து சேந்துக்கறேன்னு சொன்னாரு."

நான் தண்ணீரைப் பார்த்தேன். காலையில் பார்த்த ஆறு இல்லை அது. செம்மண் நிறத்தில், நுரையும் பச்சை இலையுமாக வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் ரோடு வரைக்கும் வழி கிடையாது, கொஞ்ச தூரத்தில் செங்குத்தான பாறை வந்து ஆற்றிலேயே இறங்கிவிடும். அது அவருக்குத் தெரியாது. பாறையைப் பார்த்ததும் இந்தப் பக்கம் வரத்தான் பார்ப்பார். மேலே அவர் கடந்த கல்லெல்லாம் இந்நேரம் முழுகியிருக்கும்.

கேப்டனிடம் ஓடினேன். அவர் எதிர்க்கரையில் இருக்கிறார், இங்கே யாரும் தேட வேண்டாம், அவர் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். கயிறு இல்லாமல் யாரும் கடக்க மாட்டார்கள், ப்ரீஃபிங் கொடுத்திருக்கிறேன் என்றார். அவர் மனைவியே சொல்கிறார் என்றேன். அதிர்ச்சியில் இருக்கிறவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது டீம் என்றார். நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே மூங்கில் விலகியது. கழுத்தில் ஷூவோடு தணிகாசலம் அய்யா வெளியே வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி கையை ஆட்டினார்.

கேப்டன் அவரைப் பார்த்தார். உடனே விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார்.

மூன்று விசில். உடனே என்னிடம் வா.

அய்யா வேட்டியை மடித்துக் கட்டினார். அவ்வளவுதான் அவர் எடுத்துக்கொண்ட யோசனை. கீழே நிற்கிறவன் சொல்லிவிட்டான், ஏற வேண்டியதுதான். கரைச் சரிவில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தார். நான் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேப்டனின் கையைப் பிடித்து, ஊதாதீங்க சார், வரச் சொல்றீங்க சார் என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி மூன்று முறை ஊதினார். அந்த ஆள் தண்ணீரில் இறங்குவது அவர் கண்ணிலும்தான் பட்டது. ஆனால் காணாமல் போனவர் கண்ணில் பட்டால் மூன்று விசில் என்பது ப்ரோட்டோகால்.

என் கழுத்திலும் ஒரு விசில் இருந்தது. கேப்டன் இருக்கும்போது ஊதக் கூடாத விசில். ஒரு கணம் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், நான் அப்படிப்பட்டவள்தான். இரண்டு விசிலும் கலந்து கேட்டால் அவர் இன்னும் குழம்பிவிடுவாரோ, அப்படியே ஆற்றின் நடுவில் நின்றுபோனால் நான் அல்லவா காரணம் என்று ஓடியது. அதற்குள் அவருக்கு முழங்காலைத் தாண்டித் தண்ணீர். வாயில் வைத்து நீளமாக ஊதினேன். மூச்சு முடியும்வரை ஊதினேன்.

அவர் நின்றார். தொடை ஆழத்தில், ஒரு கையால் மருத வேரைப் பிடித்துக்கொண்டு, என்னையும் கேப்டனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவன் லைன் கட் என்கிறான், இன்னொருவன் லைன் இருக்கு என்கிறான். வாழ்க்கையில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை. கேப்டன் என் பக்கம் திரும்பி, டீம், ஒரே விசில், ஒரே விசில் என்று கத்தினார். திரும்பவும் தன்னுடையதை வாயருகே கொண்டுபோனார்.

அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை ஏங்க, அவரு, வராரு என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை வைத்துப் பேசிய வசந்தா அம்மாவின் குரல்.

"யோவ்! எறங்காத! ஏறுய்யா மேல!"

அந்தக் குரலை நான் என்னவென்று சொல்வது. கல்யாணமான நாளிலிருந்து கம்பத்து உச்சியில் இருக்கிற புருஷனைக் கீழே நின்று சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய குரல். காற்று, லாரி, மழை எதையும் தாண்டி மேலே போகிற குரல். ஆற்றைத் தாண்டுவது அதற்குப் பெரிய விஷயம் இல்லை. அய்யா அதைக் கேட்டதும் வேறெதையும் பார்க்கவில்லை. வேரைப் பிடித்து, சரிவில் தவழ்ந்து, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் அவர் நின்றிருந்த வழியாக ஒரு மூங்கில் தூர் முழுசாக உருண்டு போனது. கேப்டன் விசிலைக் கீழே விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்பு. தண்ணீர் இறங்க மத்தியானம் கழிந்துவிட்டது. எதிர்க்கரையில் அவர் ஒரு பாறையில், இந்தக் கரையில் நாங்கள். புளிசாதத்தையும் சுண்டலையும் பையில் போட்டுக் கயிற்றில் கட்டி வீசினோம், மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்தது. வசந்தா அம்மா அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துவிட்டு, அப்புறம்தான் தன் பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட்டுக்கொண்டே என்னிடம், எல்லார் முன்னாலயும் யோவ்னுட்டேன், மூஞ்ச தூக்கி வச்சிக்குவாரு பாரு என்றார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் இறங்கியதும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் ஆற்றில் இறங்கியவர் கேப்டன்தான். முடிச்சு போடுவதில் அவர் கெட்டிக்காரர். மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, அய்யாவைத் தன் முன்னால் விட்டு, அடி அடியாக அழைத்துக்கொண்டு வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கரையேறியதும் போனை எடுத்து முகத்தை அதற்கு நேராகத் திருப்பிப் பேச ஆரம்பித்தார் பாருங்கள், அங்கேதான் மறுபடி பழைய ஆளாகிவிட்டார். சரியான நேரத்தில் ஊதிய ஒரு விசில் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்றார். யாருடைய விசில் என்று சொல்லவில்லை. மூன்றா ஒன்றா என்றும் சொல்லவில்லை. அது வாய்க்கு வாய் பரவி, மூன்றாகி, இப்போது ஆப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

ரோடு வரைக்கும் இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் இருந்தது. ஆறு எல்லோருக்கும் இடது கைப் பக்கம். தணிகாசலம் அய்யா நான்கு அடி நடந்தார், நின்றார், திரும்பினார். எல்லோருக்கும் முதுகு காட்டி, வந்த திசையைப் பார்த்தபடி, பின்பக்கமாக அடி எடுத்து வைக்க ஆரம்பித்தார். அப்படி நடந்தால் ஆறு வலது கைப் பக்கம்தான் இருக்கும். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வசந்தா அம்மா போய் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு, கல்லு, வேரு, பள்ளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் அந்தம்மா சொன்ன இடத்தில் காலை வைத்தார்.

மறுவாரம் கேப்டன் என்னைக் கூப்பிட்டு, கட்டளை ஒன்றுக்கு மேல் ஒலித்ததால்தான் வாடிக்கையாளர் குழம்பினார் என்று பாடம் எடுத்தார். நான் சரி சார் என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்த வேலையில் இருந்தேன். அவர் பார்க்காதபோது முகத்தைப் பார்த்து ஆடு எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டேன்.

பவித்ரா, ஆப் நல்ல ஆப்பாகவே இருக்கட்டும். வழியைவிட்டு விலகினவனைக் கண்டுபிடித்துவிடும், நம்புகிறேன். கண்டுபிடித்தவுடன் மூன்று தடவை பீப் அடித்துக் கூப்பிடும். கூப்பிட்டால் நேரே வரப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடுவில் ஆறு ஓடுகிறதா என்று பார்க்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் உன் கேப்டனிடம் கேள். கேட்டால் வேலை போகுமா என்று பயமாக இருந்தால் கேட்காதே. இல்லை, கேள். எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுக் கேட்டிருப்பேன்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில்தான் இருக்கிறது. போன பௌர்ணமி அன்று, பொழுது சாயும் நேரம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது, மலை அத்தனை பேருக்கும் வலது கைப் பக்கம். திடீரென்று அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஒம்போது!"

சரி, இருக்கிறார் என்று நான் விட்டுவிடவில்லை. சோற்றுக் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, தலைகளுக்கு நடுவே தேடினேன். வசந்தா அம்மா தெரிந்தார். பக்கத்தில் வெறுங்காலோடு, சிரித்துக்கொண்டு, கையைத் தூக்கி நின்ற அந்த முகம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.